சித்திரக்காரருக்குச் சோறு போட்டது எது?



உள்ளூர் ஓவியர்களின் படங்களை நாம் அச்சிடத் தொடங்கியதிலிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு கையெழுத்துகளில் வந்துகொண்டிருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வரையலாமா? கேட்பவர்களில் ஒரு பாடசாலைச் சித்திர ஆசிரியை இருக்கிறார். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் கணக்கு எழுதுகிற ஒருவர் இருக்கிறார். பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் பெரிய வெங்காயமும் செய்கிற ஒரு தம்பியும் இருக்கிறார். ஒரு தங்கை இன்னும் ஒரு படி மேலே போய், "பிள்ளைகள் தூங்கின பிறகுதான் வரையிறன். என்னையெல்லாம் ஓவியர் எண்டு சொல்லலாமா?" என்று எழுதியிருந்தார்.

தாராளமாகச் சொல்லலாம் தங்கச்சி. ஏன் என்று சொல்லத்தான் இந்த மாதப் பக்கத்தை முழுவதுமாக எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் நீளும். பிளேன்டி ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

கலேவெலக்காரரான நமக்கு ஓவியம் தூரத்து விசயம் இல்லை. குருநாகலிலிருந்து திருகோணமலைக்குப் போகிற ஏ6 வீதியில் நமது சந்தியில் பஸ் ஏறினால், ஏறக்குறைய 20 கிலோமீற்றரில் தம்புள்ளை மலை. ஐந்து குகைகள், 157 சிலைகள், சுமார் 2,100 சதுர மீற்றர் ஓவியம். 1991 முதல் உலக மரபுரிமை. பாறையின் கூரை எங்கெல்லாம் புடைத்தும் குழிந்தும் இருக்கிறதோ அங்கெல்லாம் கோடும் கூடவே ஏறி இறங்குகிறது. அண்ணாந்து பார்த்தால் சித்திரத் துணியில் பந்தல் கட்டியதுபோல் இருக்கும். பாடசாலைச் சுற்றுலாவில் நாம் எல்லோரும் பார்த்ததுதான். அதைத் தீட்டியவர் அன்று மாலை தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு எங்கே போனார், வீட்டில் உலை எப்படிக் கொதித்தது என்று மட்டும் எந்த வழிகாட்டியும் சொன்னதில்லை. உங்கள் கடிதங்களைப் படித்த பிறகு எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

இன்று தம்புள்ளையில் நாம் காண்பதில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டு வேலை. 1747 முதல் 1782 வரை கண்டியில் ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் விகாரைகளைப் புதுப்பித்த காலம் அது. தீட்டியவர்கள் சித்தரு எனப்படும் பரம்பரைச் சித்திரக்காரர்கள். அவர்களில் பேர்பெற்ற ஒரு குடும்பம் நமது கலேவெல–தம்புள்ளைப் பக்கத்து நீலகமவைச் சேர்ந்தது. கண்டிக்கு அருகே தெகல்தொருவ குகை விகாரையில் வேலை செய்தவர்களின் பெயர்கள் கிடைத்திருக்கின்றன: தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே, நீலகம பட்டபெந்த, கொஸ்வத்தே ஹித்தரநாயிதே. முதலாமவர் முழுத் துறவு பெறாத பிக்கு. ரிதி விகாரையிலும் தீட்டியவர். இரண்டாமவர் நம் அயலூர்க்காரர்.

இந்த விவரங்களையெல்லாம் தேடித் தொகுத்தவரும் உத்தியோகம் பார்த்துக்கொண்டே தொகுத்தவர்தான். சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய வள ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தார். கல்லையும் மண்ணையும் ஆராய ஊரூராகப் போன மனிதர், போன இடமெல்லாம் சித்தருவையும் கொல்லரையும் குயவரையும் கண்டு பேசினார். மாத்தளை ஹப்புவிதவில் விரல் நகத்தாலேயே அரக்கை இழுத்துக் கோலம் போடுகிறவர்களும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். இங்கிலாந்தில் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கைஅச்சு இயந்திரத்தில் 425 பிரதிகள்தான் அச்சாயின.

அந்தக் காலத்துச் சித்திரக்காரரின் பொருட்கள் பெரும்பாலும் வீட்டைச் சுற்றிக் கிடைத்தவை. வெள்ளைக்கு மக்குல் என்ற களி. நீலத்துக்கு அவுரி. மஞ்சளுக்கு கொகட்டு மரத்துப் பிசின். கறுப்புக்கு விளக்குப் புகை. சிவப்புக்கு மட்டும் சாதிலிங்கம் வெளியிலிருந்து வரவேண்டும். எல்லாவற்றையும் ஒட்டவைக்க விளாம்பிசின். பெரிய தூரிகைக்குத் தாழை வேரை நசுக்கினார்கள். மெல்லிய கோட்டுக்கு ஒருவகைப் புல்லின் நுனியும் அணில் மயிரும். பயிலவந்த பையன் முதலில் வரைவது புத்தரும் இல்லை, தாமரையும் இல்லை. இரட்டை வளைவுள்ள ஒரேயொரு கோடு. கை பழகும்வரை அதே கோடுதான்.

சரி, சோறு? நிலம். விகாரைக்கோ அரசனுக்கோ ஓவிய வேலை செய்துகொடுப்பதற்கு ஈடாகக் குடும்பத்துக்கு வயல் இருந்தது. வேலைக்கு வரும் காலத்தில் வர வேண்டும். மற்றக் காலத்தில் வயலைப் பார்க்கலாம். அதாவது தம்புள்ளையின் கூரையில் தீட்டிய கை, நாற்று நட்ட குடும்பத்தின் கை. முழுநேரச் சித்திரக்காரர் என்று நாம் கற்பனை செய்துகொண்டிருக்கிறவர் பாதி நேரம் விவசாயி. அதனால் அவருடைய கோடு ஒரு மயிரளவும் குறைந்துபோகவில்லை.

குமாரசுவாமிக்கு இந்த முறையில் அளவு கடந்த மதிப்பு. பணத்துக்கு அலையாமல் கலைஞர் நிம்மதியாக வேலை செய்தார் என்று கண்டு உருகினார். எனக்கு அந்த உருக்கம் முழுதாக வருவதில்லை. சித்தருவின் வீட்டில் பிறந்த பையனுக்கு, எனக்கு வரைய விருப்பமில்லை என்று சொல்லும் வாய் இருக்கவில்லை. வேறு வீட்டில் பிறந்து வரைய ஆசைப்பட்டவனுக்கும் கதவு எளிதில் திறக்கவில்லை. நிலத்தோடு சாதியும் சேர்ந்தே வந்தது. இன்னொன்றும் உண்டு. பட்டபெந்த மாதக்கணக்கில் தெகல்தொருவவில் இருந்தபோது நீலகம வயலில் களை பிடுங்கியது யார்? பெயர்ப் பட்டியலில் அவர்கள் இல்லை. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வரைகிற தங்கைக்கு இந்தக் கேள்வி உடனே விளங்கும். வரைகிறவரின் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பின்னால் வேறொருவர் அடுப்படியிலோ கடையிலோ நிற்கிறார். வரைகிறவரே அடுப்படியிலும் நின்றால் இரவு பத்து மணிதான் மிஞ்சும். வீட்டிலுள்ள மற்றவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க நேர்ந்தால், வாரத்தில் ஒரு மாலைச் சமையலைப் பொறுப்பெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இதழாசிரியராக எனக்கு இதற்கு அதிகாரம் இல்லை. இருந்தும் கேட்கிறேன்.

பிறகு ஆங்கிலேயர் ஆட்சி. 1832இல், நிலத்துக்கு ஈடாக அரசனுக்குக் கடமை செய்யும் இராஜகாரிய முறை ஒழிந்தது. விகாரை நிலங்களின் கடமை அப்போது தப்பினாலும், 1870ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கடமையைக் காசாகக் கட்டித் தீர்த்துக்கொள்ள வழிவிட்டது. கட்டாயம் தளர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கட்டாயத்தோடு சேர்ந்து, ஓவியத்துக்கென்று ஒதுங்கியிருந்த வயலும் ஓவியத்தை விட்டு விலகிப்போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஓவியரும் தன் வயலைத் தானே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. உங்கள் கடிதங்களும் அதைத்தான் கேட்கின்றன.

தேடிக்கண்டவர்களும் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். லக்கி சேனாநாயக்கவைச் சொல்லவேண்டும். 1937இல் பிறந்து 2021இல் மறைந்தவர். தம்புள்ளைப் பக்கத்துத் தியபுபுலவில் மரங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் அலுவலகத்தில் வரைபடம் வரைந்தார். எனா டி சில்வாவின் பத்திக் துணிகளுக்கு வடிவங்கள் செய்தார். 1979இல் வந்த நமது நாணயத்தாள் வரிசை நினைவிருக்கிறதா? பறவையும் வண்ணத்துப்பூச்சியும் மீனுமாக இருந்தது. அதை வரைந்தவர் அவர்தான். கந்தலம ஹோட்டல் படிக்கட்டில் சிறகு விரித்து நிற்கும் ஆந்தையும், கோட்டே நாடாளுமன்ற மண்டபத்தில் தொங்கும் வெள்ளி ஓலை விளக்கும் அவருடையவை. சம்பளத்துக்கு வரைந்ததையும் தனக்கு வரைந்ததையும் அவர் இரண்டு சாதியாகப் பிரித்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆந்தையைப் பார்த்தால் ஹோட்டல் கேட்டதற்காகச் செய்த ஆந்தையாகத் தெரிகிறதா?

எனா டி சில்வாவின் ஊர் அலுவிஹாரை, மாத்தளை நகரைத் தாண்டியதும் வருவது. 1960 அளவில் கொழும்பில் பத்திக் தொடங்கியவர், பின்னாளில் அலுவிஹாரையில் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து ஒரு பட்டறையையே நடத்தினார். மெழுகும் சாயமும் ஊசியும் பல வீடுகளுக்கு மாதச் சம்பளமாயின. அதே பத்திக்தான் கடலுக்கு அப்பால் சென்னையிலும் ஓவியர்களுக்குக் கைகொடுத்தது. சென்னை கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் படம் விற்றுப் பிழைக்க முடியாது என்று கண்டார்கள். பத்திக்கும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். கைவினை வயிற்றுக்கு, மிச்ச நேரம் ஓவியத்துக்கு என்பதுதான் ஏற்பாடு. ஓவியர் கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே தன் கோட்டை வளர்த்தெடுத்தார்.

யாழ்ப்பாணத்தில் வழி வேறு. அங்கே ஓவியரின் வயல் பாடசாலை. எஸ்.ஆர். கனகசபை 1938இல் வின்ஸர் சித்திரக் கழகத்தைத் தொடங்கியபோது சேர்ந்தவர்களில் பலர் சித்திர ஆசிரியர்கள். அ. மாற்குவும் ஆசிரியர்தான். 1933இல் பிறந்தவர், கொழும்பில் நுண்கலை படித்துவிட்டு ஊர் திரும்பி, தன்னைச் சுற்றி ஒரு குழுவைச் சேர்த்தார். அதன் பெயரைக் கவனியுங்கள்: விடுமுறைக்கால ஓவியர் கழகம். பள்ளி இல்லாத நாளில் வரைகிறவர்கள் என்று பெயரிலேயே பகிரங்கமாகப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு அதில் கூச்சம் இருக்கவில்லை. நமக்கு ஏன்?

மாற்குவின் கதையில் இன்னொரு பகுதி இருக்கிறது, அது வலிக்கும். 1995 ஒக்டோபர் 30 வலிகாம இடப்பெயர்வில் ஊரே எழும்பி நடந்தபோது அவருடைய படைப்புகளில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. 2000இல் அவர் காலமாகும்வரை வரைவதை நிறுத்தவில்லை. அவரிடம் படித்தவர்கள் இன்றும் வரைகிறார்கள், எழுதுகிறார்கள். சுவரில் தொங்கியது போய்விட்டது. பிள்ளைகளின் கையில் ஏறியது மிஞ்சியது.

இனி உங்கள் கேள்விக்கே வருகிறேன். வேலையை விடலாமா என்பதைவிட எந்த வேலை ஓவியருக்கு ஒத்துவரும் என்பது பயனுள்ள கேள்வி. ஓவியத்துக்குக் கிட்டிய வேலையா, தூரத்து வேலையா? பலர் கிட்டியதே நல்லது என்று நினைக்கிறார்கள். நான் அவ்வளவு நிச்சயமாக இல்லை. நமது சந்தியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய ஒரு நானா இருந்தார். லொறியின் பின்பக்கம் மயிலும் நீர்வீழ்ச்சியும் கேட்டாலும் தீட்டுவார். அச்சடித்த பெனர் வந்து அந்தத் தொழில் படுத்துப்போன பிறகு ஒரு நாள் சொன்னார்: "போர்ட் எழுதுற காலத்துல வீட்ட வந்து படம் கீறினா கை எழுத்துத்தான் எழுதப் பாக்கும். இப்ப மரக்கறி விக்கிறன், கை சும்மா கிடக்குது, கண்ணுக்குப் பசி எடுக்குது." சித்திர ஆசிரியைகளும் இதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறார்கள். காலையிலிருந்து நாற்பது பிள்ளைகளின் பூச்சாடியைத் திருத்திய கண், பின்னேரம் நிறம் என்றாலே மூடிக்கொள்கிறது. வெங்காயம் கிண்டிய தம்பிக்குக் கை காய்த்துப்போயிருக்கும். கண் புதிதாக இருக்கும். ஒவ்வொரு வேலையும் ஒன்றைத் தந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது. உங்களுடைய வேலை எதை எடுக்கிறது என்று பார்த்து, அது தீர்ந்துபோகாத நேரத்தை ஓவியத்துக்கு வையுங்கள். ஆசிரியை காலை பள்ளிக்கு முன் வரையட்டும். கணக்கு எழுதுகிறவர் இரவில் வரையலாம். தம்பிக்கு அறுவடைக்கும் அடுத்த நாற்றுமேடைக்கும் இடையில் கிடைக்கும் வாரங்கள் பொன்.

வேலையை முழுதாக விடவேண்டாம் என்பதே என் எண்ணம். வேலையைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருப்பவற்றில் சிலவற்றை விடலாம். சனிக்கிழமை ரியூசன் வகுப்பு ஒன்று, யாரோ கேட்டதற்காக இலவசமாகச் செய்துகொடுக்கும் விழா மேடை அலங்காரம் இரண்டு. ஊரில் வரையத் தெரிந்தவர் என்று பெயர் வந்தால் வகாகோட்டைத் திருவிழாவிலிருந்து பாடசாலை விளையாட்டுப் போட்டிவரை ஆள் வரும். அன்போடுதான் வருவார்கள். சிலவற்றுக்கு அன்போடே மறுக்கவும் பழக வேண்டும்.

பொருளையும் நேரத்துக்கு ஏற்றபடி தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும் என்றால் எண்ணெய் வர்ணம் உங்களைத் துன்பப்படுத்தும். காய நாளெடுக்கும், டர்பன்டைன் வாசம் பிள்ளைகள் படுக்கிற அறைக்குள் போகும். நீர்வர்ணமும் அக்ரிலிக்கும் அப்படியல்ல. 2022 நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதி வர்ணத்தின் விலையைச் சொல்லத் தேவையில்லை. கறுப்பும் காவியும் மட்டும் வைத்து வரைந்து பாருங்கள். நம் மண்ணிலேயே காவி இருக்கிறது. விளாம்பிசினை இரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடித்து, நன்றாக அரைத்த மண்ணோடு சேர்த்தால் காகிதத்தில் பிடிக்கும். ஒரு கராம்பைப் போட்டுவைத்தால் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்காது. அச்சகங்களில் வெட்டி எறிகிற தடித்த மட்டைத் துண்டுகள் சிறு படங்களுக்குப் போதும். பத்திரிகைத் தாள் மட்டும் வேண்டாம், சில வருடங்களில் மஞ்சளாகி நொருங்கிவிடும்.

நான் பேசிய ஓவியர்கள் அனேகமாக எல்லோரும் சொன்ன ஒரு பழக்கம் இருக்கிறது. எழும்பும்போது படத்தை முடிக்காமல் எழும்புவது. அடுத்து எங்கே தூரிகை வைக்கவேண்டும் என்று தெரிந்த நிலையில் நிறுத்திவிட்டால், மறுமுறை உட்கார்ந்ததும் கை தானே போகும். முடித்துவிட்டு எழும்பினால் அடுத்த முறை வெள்ளைத்தாளைப் பார்த்தபடியே அந்த ஒரு மணித்தியாலம் கரைந்துவிடும். இன்னொன்று, சாமான்களை எடுத்துவைக்காமல் விடக்கூடிய ஒரு மூலை. அலுமாரிக் கதவின் பின்பக்கமாக இருந்தாலும் சரி. எடுத்துப் பரப்பி, திரும்ப ஒதுக்கவே அரை மணித்தியாலம் போனால் எவருக்கும் மனம் விட்டுப்போகும்.

வரைந்ததைக் காப்பதும் வரைவதில் பாதி. நமது பக்கத்தில் கறையான் ஒரு மழைக்காலத்தில் ஒரு கட்டுப் படங்களைத் தின்று தீர்க்கும். நிலத்திலிருந்து உயர்த்தி, சுவரைத் தொடாமல் வையுங்கள். பின்பக்கத்தில் திகதி எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு படம் பிடித்து வேறொரு ஊரிலிருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பிவையுங்கள். மாற்கு மாஸ்டரின் படங்கள் போன பிறகும் இதைச் செய்யாமலிருப்பது சரியில்லை.

காசு பற்றிப் பேசாமல் முடித்தால் ஏமாற்றியவனாவேன். நம்மிடையே ஒரு பழக்கம்: படம் நன்றாக இருக்கிறது என்பார்கள், சட்டகத்துக்கு எவ்வளவு என்று கேட்பார்கள், படத்துக்கு எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது வருடங்கள் கைதியாயிருந்த ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் சிலை செய்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கண் திறக்கும்வரை சிலை வெறும் உலோகம். அந்தக் கண்ணைத் திறப்பதற்குக் கைவினைஞருக்குப் பேசிய கூலிக்கு மேலாக நல்லதொரு வெகுமதி உண்டு. கண் திறக்கும் சடங்கில் சித்திரக்காரர் சிலையை நேரே பார்க்காமல், கண்ணாடியில் பார்த்தபடி தீட்டுவார். அவ்வளவு பயபக்தியான காரியத்திலும் கூலிப் பேச்சு இருந்திருக்கிறது. அதனால் யாருடைய பக்தியும் குறையவில்லை. ஆகவே உங்கள் படத்துக்கு ஒரு விலை சொல்லுங்கள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். முதலில் கூச்சமாக இருக்கும், பழகிவிடும்.

நாமும் அதே ஒழுங்குக்கு வருகிறோம். அடுத்த இதழிலிருந்து நடுப்பக்கம் இரண்டும் வாசகர்களின் ஓவியத்துக்கு. தெரிவாகும் ஒவ்வொரு படத்துக்கும் பணம் அனுப்புவோம். தொகை சிறியது, ஒரு வர்ணப் பெட்டிக்குக் காணுமோ தெரியாது. ஆனால் படம் அச்சாகும் மாதமே வந்து சேரும். மூலப் படத்தை அனுப்பவேண்டாம், பிரதி போதும். அளவையும் என்ன வர்ணம் என்பதையும் குறிப்பிடுங்கள். பெயருக்குக் கீழே உங்கள் தொழிலையும் எழுதியனுப்புங்கள். ஆசிரியை, வெங்காயச் செய்கை, கணக்கு, இல்லத்தரசி, மரக்கறிக் கடை, எதுவானாலும் எழுதியபடியே போடுவோம். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வரைகிற தங்கை, உங்கள் கடிதத்தில் முகவரி இல்லை. படத்தோடு அதையும் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்